அறுபத்து மூன்று பார் மௌனம்

வயலின்காரனின் வேலையில் பாதி, வாசிக்காமல் இருப்பது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நாற்பத்தாறு வயதில், எல்லைக்கு அந்தப் பக்கம் தெப்ராவிலிருந்து மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி, சிங்கப்பூர் ஆர்கெஸ்ட்ரா ஒன்றுக்கு மூன்று மாதச் சோதனை வேலைக்குப் போனேன். இரண்டாம் வயலின், கடைசி வரிசை. என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பது கடைசிக் கச்சேரியன்று முடிவாகும். பக்கத்து நாற்காலிக்காரியிடமும் கருத்துக் கேட்பார்கள்.

அவள் லாபிஸ் ஊர்ச் சீனப் பெண். அப்பாவின் மளிகைக்கடைக்கு வந்த ரப்பர் தோட்டத்துத் தமிழ் ஆட்களிடம் தமிழ் கற்றவள். என் தமிழைவிட அவள் தமிழில் காரம் அதிகம்.

கடைசிக் கச்சேரிக்கான இசையின் நடுவே எங்களுக்கு அறுபத்து மூன்று பார் ஓய்வு. பார் என்பது ஒரு தாளக் கட்டம், நான்கு அடி. மற்றவர்கள் சப்பாத்துக்குள் கால்விரலால் எண்ணினார்கள். என் கை கோவில் சங்கீத வகுப்பில் பழகிய கை. ஒத்திகையில் புல்லாங்குழல் ஈரக்காற்றாய் எழும்பிக்கொண்டிருக்க, அது என் தொடையில் ஆதி தாளம் போட்டது. பளார். பளார்.

கண்டக்டர் கோலை இறக்கினார். எல்லோரும் முரசுக்காரரை முறைத்தார்கள், பாவம்.

"அலமாக்! அண்ணே, ரொட்டி சானாயா தட்டுறீங்க?" என்று பக்கத்து நாற்காலியிலிருந்து கிசுகிசுத்தாள்.

"கை தானா போவுதும்மா."

"தானா போற கைக்குச் சம்பளம் தர மாட்டாங்க லா." தன் சால்வையை மடித்து என் தொடையில் வைத்தாள். "இதுமேல தட்டுங்க. சத்தம் வராது."

கச்சேரியன்று சத்தம் வரவில்லை. கணக்குதான் வந்து தொலைத்தது. ஆதி தாளம் ஒரு சுற்றுக்கு எட்டு அடி, அதாவது இரண்டு பார். அறுபத்து மூன்றுக்கு முப்பத்தொன்றரைச் சுற்று. முப்பத்தொன்று முடிந்ததும், பயந்தவனுக்கு மட்டுமே வரும் துணிச்சலோடு வில்லை இழுத்தேன். அந்த அரை, அந்தப் பாழாய்ப்போன அரை, காற்றிலேயே நின்றுவிட்டது. எண்ணிக்கையில் சந்தேகத்தோடிருந்த மற்ற இரண்டாம் வயலின்காரர்கள் பதின்மூன்று பேரும் என் வில்லின் ஒலியை நம்பி உள்ளே குதித்தார்கள். ஒரு பார் முன்னதாக! கண்டக்டர், தான் கேட்டதே அதுதான் என்பதுபோல் அவசரமாகக் கையசைத்துப் புல்லாங்குழலை எங்களோடு சேர்த்துவிட்டார்.

முடிந்ததும் கருத்துக் கேட்க அவளைக் கண்டக்டரின் அறைக்குள் கூப்பிட்டார்கள். நான் வெளியே, வயலின் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாய்.

வந்தாள்.

"என்ன சொன்ன?"

"தப்பா நுழைஞ்சது இவருதான்னு சொன்னேன்."

"அடிப்பாவி!"

"இருங்கண்ணே. எங்க ஆளுங்க பதினாலு பேரும் ஒண்ணா நுழைஞ்சது இந்த வருசம் இன்னிக்கு மட்டும்தான்னும் சொன்னேன்."

"கண்டக்டரு?"

"சிரிச்சாரு. கையெழுத்துப் போட்டாரு. வேலை உங்களுக்குத்தான்." சால்வையை மடித்துப் பைக்குள் திணித்தாள். "ஒரே ஒரு கண்டிசனு. ரிட்டையர் ஆவுற வரைக்கும் உங்கள முன்வரிசைக்கு விடக் கூடாதாம்."