குழாயிலிருந்து ஐந்தாவது வாசல்

1986, ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு ரவாங்கில் பஸ் ஏறினேன். பத்தாங் பெர்ஜுந்தை வரை டிக்கெட் ஒரு வெள்ளி அறுபது காசு. பையில் வண்ணப்பெட்டி, மூன்று தூரிகைகள், இரண்டே இரண்டு கெட்டித்தாள்கள். கோலசிலாங்கூர் பக்கம் நான் பிறந்து வளர்ந்து, பல வருடம் முன்பு நாங்கள் விட்டு வந்த ரப்பர் தோட்டத்து லயத்தை, அந்த வரிசை வீடுகளை, மறுநாள் இடிக்கப்போகிறார்கள். எங்கள் வீட்டை யாரும் ஒரு போட்டோகூட எடுத்து வைக்கவில்லை. தொழிற்சாலை வேலை முடிந்து வந்து நான் நீர்வண்ணம் பழகுவதை ஆறு மாதமாகக் கேலி செய்துகொண்டிருந்த அம்மா, "நம்ம வீட்ட வரைஞ்சு கொண்டாந்து குடு" என்றார். என்னிடம் அம்மா எதையும் கேட்பவரே அல்ல.

எட்டே முக்காலுக்கு இரண்டாவது பஸ் சந்தியில் இறக்கிவிட்டது. அங்கிருந்து உள்ளே இரண்டு மைல் நடை. ரப்பர் நின்ற இடமெல்லாம் எண்ணெய்க்கு நட்ட செம்பனை. பாதி வழியில் திசையே குழம்பிப்போய், சைக்கிளில் வந்த ஒருவரிடம் லயம் எங்கே என்று கேட்டேன்.

"நேராத்தான் போறீங்க. நாளைக்கு வந்திருந்தா கேக்கவே வேணாம்லா, புல்டோசர் சத்தமே வழி காட்டும்" என்றார். சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியாமல் நடந்தேன்.

லயத்தில் பத்து வாசல், சன்னல் மட்டும் ஒன்றுக்கு வலம், அடுத்ததற்கு இடம்; மற்றபடி பத்தும் ஒரே அச்சு. இங்கே யாரும் வீட்டு எண் சொல்லிப் பழக்கமில்லை. பொதுக் குழாயிலிருந்துதான் எண்ணுவோம். கல்யாணப் பத்திரிகை வைக்க வருகிறவர்களுக்கும் அதுதான் விலாசம். நாங்கள் ஐந்தாவது வாசல். எண்ணினேன். கதவு திறந்திருந்தது, கொடியில் யாரோ துவைத்த துணிகள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். காற்றில் அத்தனை ஈரம். தாளில் வானம் காய்வதற்குள் கூரையைத் தீட்டியதில், தகரத்தின் துரு மேகத்துக்குள் ஏறிவிட்டது. பரவாயில்லை, அன்றைய வானமும் அப்படித்தான் இருந்தது.

பதினொன்றரைக்குத் தலையில் மூட்டையோடு ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் பாக்கியமாம்.

"என்னாக்கா, எங்க வீட்டயா வரையிறீங்க?"

"நான் பொறந்த வீடும்மா. பைப்புலேருந்து அஞ்சாவது."

"ஐயோ, நாங்க வந்தப்ப பைப்பு அந்தக் கோடியிலதானே இருந்துச்சு! அப்புறம்தான் இங்க மாத்துனாங்க."

அந்தக் கோடியிலிருந்து எண்ணினால் ஐந்தாவது, அவளுக்கு அடுத்த வீடு. பூட்டிக் கிடந்தது. சன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். ஒன்றுமே ஞாபகத்துக்கு வரவில்லை. இருபது வருடம் தூங்கி எழுந்த வீட்டை அடையாளம் தெரியவில்லை என்பது எனக்கு அவமானமாகவே இருந்தது. மிச்சமிருந்த தாளில் அதை வரைந்தேன்.

இரண்டரை மணிக்குப் பாக்கியம் வீட்டார் சாமான்களை லோரியில் ஏற்றி முடித்தார்கள். செரண்டாவில் மச்சான் வீட்டுக்குப் போகிறார்களாம். பாக்கியம் தயங்கித் தயங்கி, "அந்த மொதப் படத்த எனக்குக் குடுப்பீங்களாக்கா? மூணு புள்ளையும் இங்கதான் பொறந்துச்சு" என்றாள். மறுக்க மனம் வரவில்லை, கொடுத்துவிட்டேன். சேலைக்குள் வைத்துச் சுருட்டிக்கொண்டாள்.

லோரி நகரும்போது அவள் கணவர் மேலிருந்து கத்தினார்: "அக்கா, நாங்க வர்றதுக்கும் முன்ன பைப்பு இங்கதான் இருந்துச்சுன்னு ஆளுங்கள மேய்ச்ச மண்டோர் சொல்லுவாரு!"

நான் கையை நீட்டிக்கொண்டே நாலு எட்டு ஓடினேன். அவர்கள் டாட்டா காட்டினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் அதே குழப்பம். கையில் இருப்பது எங்கள் வீடா, கொடுத்துவிட்டு வந்தது எங்கள் வீடா? ரவாங்கில் இறங்கவே பயமாக இருந்தது.

அம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்து ஒரு தடவைதான் பார்த்தார். "நமக்குச் சன்னல் வாசலுக்கு வலப்பக்கம். இது பக்கத்து வீடு." நடந்ததைச் சொல்லி அழுதேன். அம்மா திட்டவில்லை. ஆணி தேடி எடுத்து, படத்தைக் கூடத்துச் சுவரில் மாட்டினார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் இப்போது அம்மா அந்தப் படத்தைக் காட்டுகிறார். "இது எங்க பக்கத்து வீடு" என்கிறார். பிறகு படத்துக்கு இடப்பக்கம், வெறும் சுவரில் உள்ளங்கையை வைக்கிறார்.

"நாங்க இங்க இருந்தோம்."