நல்லம்மாவின் வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

நல்லம்மாவை நான் முதலில் சந்தித்தது கண்டியில், புற்றுநோய் வார்ட்டில். எங்கள் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். பேராதனையில் இரசாயனம் படித்துக்கொண்டிருந்தேன். உறவினர் ஒருவரைப் பார்க்கப் போன இடத்தில், மொழிபெயர்க்கச் சொல்லி ஒரு சிங்கள நர்ஸ் என்னை அவருடைய கட்டிலுக்கு அழைத்துப் போனார். ஹேவாஹெட்டயில் கொழுந்து பறித்த நல்லம்மாவுக்குச் சிங்களம் வராது. டாக்டருக்குத் தமிழ் வராது. அதன் பிறகு அவருக்கு மருந்து ஏறும் வியாழக்கிழமைகளில் எல்லாம் போனேன்.

அது பிளாட்டினம் கலந்த மருந்து. கட்டியைக் கரைக்கும், மறுநாளும் வார்ட்டில் இருந்து தண்ணீர் நிறையக் குடிக்காவிட்டால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

"நகைக்கடைச் சாமான ஒடம்புல ஏத்துறாங்களா? இனி நான் வெல கூடுன பொம்பள" என்று சிரித்தார்.

மூன்றாம் முறை இரத்தப் பரிசோதனை சரியில்லை. சிறுநீரகம் இன்னும் கெட்டால் மருந்தை நிறுத்த வேண்டிவரும், வேறு நல்ல மருந்து கையில் இல்லை என்றார் டாக்டர். நல்லம்மாவிடம் அதைச் சொல்லி, தண்ணீர் குடிக்கிறாரா என்று கேட்டேன்.

"குடிக்கிறேன் தம்பி, நல்லாத்தான் குடிக்கிறேன்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்குறணை ஊர் றலியாவுக்குப் பொறுக்கவில்லை. "பொய் செல்லாதீங்க தங்கச்சி! வெள்ளிக்கெழம பொழுதுபடுகிற மட்டும் ஒரு சொட்டு எறங்கல்ல. நான் பாத்துட்டுத்தானே ஈக்கிறேன். எங்கட மார்க்கத்துல நோயாளிக்கி நோன்பே இல்ல. ஒங்கட முருகன் அவ்வளவு கோவக்காரனா?"

நல்லம்மா அழுதுவிட்டார். கொழும்பில் கடையில் வேலை செய்த மகன் செல்லச்சாமி யுத்தகாலச் சுற்றிவளைப்பில் சந்தேகத்தின் பேரில் பிடிபட்டிருந்தான். அவன் திரும்பும்வரை வெள்ளிதோறும் பகலில் தண்ணீர் தொடுவதில்லை என்று முருகனுக்கு நேர்த்தி.

"நான் குடிச்சு, அங்க அவனுக்கு ஒண்ணு ஆச்சுன்னா?"

கால்மாட்டில் நின்ற கணவர் மூக்கையா பேசினார்.

"நேத்திய விடக்கூடாது, அவ்வளவுதானே? வீட்டு ஆளு யாரு புடிச்சாலும் சாமி ஏத்துக்கும். இனி நான் புடிக்கிறேன், புள்ள."

"நீங்களா? ப்ளேன்டீ இல்லாட்டி உங்களுக்குக் காலையில கண்ணே தொறக்காதே!"

"மூடிக்கிட்டே மலைக்குப் போறேன். நீ குடி."

றலியா அதற்குள் கோப்பையை நிரப்பிவிட்டார். நல்லம்மா ஒருமுறை கும்பிட்டுவிட்டுக் குடித்தார்.

மூக்கையா வெள்ளிதோறும் வறண்ட தொண்டையோடு தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். நல்லம்மாவுக்கு மிச்ச மருந்தும் ஏறி முடிந்தது. அடுத்த தைப்பொங்கலுக்கு முன் மகனை விட்டார்கள். கண்டி பஸ்ஸில் இராணுவச் சோதனைக்கு இறங்கி ஏறிய அந்த வியாழக்கிழமைகளை, அந்த வார்ட்டின் சிரிப்புக்காகவே இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

நல்லம்மா இப்போது அம்பிட்டியவில் மகனோடு இருக்கிறார். மருந்தால் வந்த காது இரைச்சல் போகவில்லை. சிறுநீரகம் நன்றாக இருக்கிறது.