ஆபரேஷனுக்கு முன் வைத்த விருந்து

1. ஏணி

கிரேன் கேபினுக்குப் போகிற ஏணியில் பாதி ஏறியவன், மேலேயும் போக முடியாமல் கீழேயும் இறங்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மூச்சு இரைத்தது. கீழே டிரெய்லர்கள் வரிசை கட்டி நின்றன. டிரைவர் ஒருவன் கதவைத் திறந்து தலையை நீட்டி, "இன்னா ராயப்பண்ணே, அங்கியே குடித்தனம் பண்ணப் போறியா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்தேன், வரவில்லை. கடைசியில் சிக்னல்மேன் ஏறி வந்து, என் காலை ஒவ்வொரு படியாகப் பிடித்து வைத்து இறக்கினார்.

இதைப் படிக்கும் இளம் ஆபரேட்டர்களுக்குத் தெரிந்ததுதான், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நான் ஓட்டிய ஆர்டிஜி என்பது துறைமுக யார்டில் கன்டெய்னர் அடுக்கும் கிரேன். ஆபரேட்டர் உச்சியில் கண்ணாடிக் கூண்டுக்குள் குனிந்து காலடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பான். ஷிப்ட் முழுக்க அசைவது இரண்டு மணிக்கட்டு மட்டுமே. ஏறினால் இறங்க மனம் வராது. சாப்பாட்டை வாளியில் கட்டி மேலே இழுத்துக்கொள்வோம். பரோட்டா, பிரியாணி, பஜ்ஜி எல்லாம் அந்த வாளியில் வந்தவைதான். என் சர்வீஸில் நான் அந்த ஏணியில் ஏறியதைவிட வாளி ஏறியதுதான் அதிகம்.

கம்பெனி டாக்டர் எடை பார்த்தார், பிரஷர் பார்த்தார். "ஹைட் ஒர்க்குக்கு அன்ஃபிட்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார். என்னைக் கீழே டேலி ஆபீஸில் போட்டார்கள். கன்டெய்னர் நம்பர் சரிபார்க்கும் வேலை. நல்ல வேலைதான், ஃபேனுக்குக் கீழே நாற்காலி. ஆனால் என் கிரேனை வேறு ஒருத்தன் ஓட்டுவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கு நரகமாக இருந்தது. அந்த வயிற்றெரிச்சலில்தான் எடை குறைக்கும் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொண்டேன். உடம்பு மேல் அக்கறை வந்து ஒப்புக்கொண்டேன் என்று சொன்னால் அது பொய்.

2. கை இல்லாத நாற்காலிகள்

ஆஸ்பத்திரி டாக்டர் தேதி கொடுப்பதற்கு முன், ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் கூட்டத்துக்குப் போகச் சொன்னார். மாதம் ஒரு ஞாயிறு, முதல் மாடி ஹாலில் நடக்கும். அங்கே போட்டிருந்த நாற்காலி ஒன்றுக்கும் கை கிடையாது. எங்களைப் போன்ற கனத்த உடம்புக்காரர்கள் கை வைத்த நாற்காலியைப் பார்த்தால் உட்காராமல் நின்றுகொண்டே இருந்துவிடுவோம். அது தெரிந்தவர்கள் போட்ட நாற்காலி என்று பார்த்தவுடனே புரிந்தது.

அங்கே எனக்குத் துணையாகப் போட்டது குமாரி அக்காவை. விம்கோ நகரில் ஒரு ஃபேக்டரி கேன்டீனில் சமைப்பவர். நாள் முழுக்க அடுப்படியில் நின்று, ஊருக்கே ஆக்கிப் போட்டுவிட்டு, ஆபரேஷன் ஆனதிலிருந்து தான் மட்டும் சின்னக் கிண்ணத்தில் சாப்பிடுகிற பிழைப்பு அவருக்கு.

"தம்பி, வயித்தைத்தான் வெட்டுவாங்கோ, நாக்கை வெட்ட மாட்டாங்கோ. நாக்கு அப்டியே கீது. தெரிஞ்சிகினு வா" என்றார் முதல் நாளே.

எல்லாவற்றையும் அவர்தான் சொல்லிக் கொடுத்தார். வயிற்றில் முக்கால்வாசியை எடுத்துவிட்டு, வாழைக்காய் அளவுக்கு ஒரு குழாயாக மிச்சம் வைப்பார்கள். அதற்கு முன் இரண்டு வாரம் திட உணவு கூடாது. புரோட்டீன் பவுடர், தெளிந்த சூப், மோர், அவ்வளவுதான். எங்களைப் போன்றவர்களுக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறி, அது வயிற்றின் மேல் கவிழ்ந்து கிடக்கும். இரண்டு வாரம் வாயைக் கட்டினால்தான் அது சுருங்கி டாக்டருக்கு வழி விடும். அந்த இரண்டு வாரமும் தினம் சாயங்காலம் அக்கா போன் பண்ணி, "இன்னா துன்னே?" என்று கேட்பார். நான் வாய் திறப்பதற்குள், "பொய் சொன்னா ஒங்கொரல்லயே தெரிஞ்சிடும்" என்பார்.

எனக்கு ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அதன் பிறகு வாழ்வது லேசாக இல்லை. முடி கொட்டியது, தோல் தொங்கியது. கல்யாண வீட்டில் பார்த்த சொந்தக்காரர் என் மனைவியைத் தனியாகக் கூப்பிட்டு, எனக்கு வந்திருப்பது கேன்சரா என்று விசாரித்தார். ஒருநாள் பழைய ஞாபகத்தில் சர்க்கரை போட்ட டீயை மடக்கென்று குடித்துவிட்டு, சின்ன வயிறு அந்தச் சர்க்கரையைத் தாங்காமல் வேர்த்து விறுவிறுத்து, நெஞ்சு படபடக்க டேலி ஆபீஸ் பெஞ்சில் படுத்துக் கிடந்தேன். கேன்டீனில் என் பக்கத்தில் உட்காருவதை நண்பர்கள் விட்டுவிட்டார்கள். என் எதிரில் சாப்பிட அவர்களுக்குக் கூச்சமாம். அது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

ஆனாலும் அடுத்த வருடம் ஃபிட் சர்டிபிகேட் வாங்கி ஏணியில் ஏறினேன். கேபினில் உட்கார்ந்ததும் அழுதேன். மேலே யாரும் பார்க்க முடியாது என்பது அந்த வேலையில் ஒரு சௌகரியம்.

3. பாஸ்கர்

பாஸ்கர் கொருக்குப்பேட்டைக்காரன், டிரெய்லர் டிரைவர். முப்பத்தெட்டு வயது. உட்கார்ந்தால் தூங்கிவிடுவான். யார்டு கேட்டில் க்யூவில் நிற்கும்போது தூங்கி, வண்டி உருண்டு முன்வண்டியின் பின்பக்கம் போய் இடித்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சேஃப்டி ஆபீஸர் அவனை வண்டியை விட்டு இறக்கிவிட்டார்.

டாக்டர் பார்த்துவிட்டு, கழுத்துச் சதை அழுத்தித் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, இது உயிருக்கே ஆபத்து என்றார். மூஞ்சியில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மெஷின் கொடுத்தார்கள். "டயரை மூஞ்சில கட்டுனா மாதிரி கீதுணா" என்று அவன் அதைக் கழற்றிப் போட்டுவிடுவான். எடை குறைந்தால்தான் மூச்சு, மூச்சு வந்தால்தான் ஸ்டியரிங். அவனும் ஆபரேஷனுக்குச் சரி என்றான். அவனுக்குத் துணையாக என்னைப் போட்டார்கள்.

குமாரி அக்கா செய்தது மாதிரியே நானும் தினம் போன் பண்ணினேன். "சூப்புதாணா. மோருதாணா. செத்துகினு கீறேன்" என்பான். குரல் சரியாகத்தான் இருந்தது. எனக்கு அக்காவின் காது இல்லை.

இங்கே எங்கள் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒருவன் கப்பலில் வேலைக்குப் போகிறான் என்றால், கிளம்பும் வரை சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒரு நாள் கூப்பிட்டு விருந்து வைப்பார்கள். போகிற இடத்தில் வாய்க்கு ருசியாக என்ன கிடைக்குமோ என்று. பாஸ்கர் வீட்டில் ஆபரேஷனையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். 'இனிமேல் ஆயுசுக்கும் இவனால் வயிறாரச் சாப்பிட முடியாது' என்பது மட்டும்தான் அவர்கள் காதில் விழுந்திருந்தது. அத்தை வீட்டில் வஞ்சிரம், மச்சான் வீட்டில் பிரியாணி, அண்ணன் வீட்டில் நண்டு. இரண்டு வாரமும் இப்படியே ஓடியிருக்கிறது. அட்மிஷனுக்கு முதல் நாள் அவன் மனைவி தேவி பாயாசம் வைத்துத் தன் கையாலேயே ஊட்டிவிட்டிருக்கிறாள்.

ஆபரேஷன் அன்று காலையில் தியேட்டர் வாசலில் தேவியும் நானும் நின்றோம். பார்த்துப் பேசியது அன்றுதான் முதல் தடவை. உள்ளே போனவனை எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வெளியே கொண்டு வந்தார்கள். தேவி கைகூப்பி மேலே பார்த்தாள். டாக்டர் மாஸ்க்கைக் கழற்றிவிட்டு வந்தார். கேமராவை உள்ளே விட்டுப் பார்த்ததில் கல்லீரல் கொஞ்சமும் சுருங்கவில்லை, தூக்கினால் கிழிந்து ரத்தம் கொட்டும், அதனால் தொடாமல் தையல் போட்டுவிட்டேன் என்றார். இரண்டு மாதம் கழித்து, ஒழுங்காக வாயைக் கட்டினால் பார்க்கலாம் என்றார்.

பாஸ்கர் கண் விழித்தான். வயிற்றில் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததைத் தடவிப் பார்த்துச் சிரித்தான். "முடிஞ்சிடுச்சாணா?" என்றான். நர்ஸ்தான் நடந்ததைச் சொன்னார். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

சாயங்காலம் நான் கிளம்பும்போதுதான் பேசினான். "எப்டிணா வாணாம்ன்றது? அயுதுகினே போட்றாங்கோணா. மூஞ்ச பாத்துகினு எப்டிணா வாணாம்ன்றது?"

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேலா, அந்த வீட்டின் மேலா என்று தெரியவில்லை. கிளம்பி வந்துவிட்டேன்.

அடுத்த தேதிக்கு அவன் இருக்கவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்தபடி தூங்கியிருக்கிறான். குறட்டை நின்றதும், பாவம் நிம்மதியாகத் தூங்குகிறான் என்று தேவி டிவி சத்தத்தைக் குறைத்து வைத்திருக்கிறாள். மூச்சும் நின்றுவிட்டது என்பது அவன் தலை சாய்ந்தபோதுதான் தெரிந்திருக்கிறது.

4. தேவி

காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவி எங்கள் கூட்டத்துக்கு வந்தாள். ஒல்லியான பெண். இடம் மாறி வந்துவிட்டாளோ என்று எல்லோரும் பார்த்தார்கள். கடைசி நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். கல்லீரலைப் பற்றி டயட்டீஷியன் சொன்னபோது புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். கூட்டம் முடிந்ததும் குமாரி அக்கா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். இருவரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

அதன் பிறகு ஒரு வழக்கம் வந்தது. யாருக்காவது தேதி கொடுத்தால், அந்த இரண்டு வாரம் தொடங்குவதற்கு முன் அக்காவும் தேவியும் அந்த வீட்டுக்கே போவார்கள். கிரேனில் இருந்து நான் ரிடையர் ஆன பிறகு நானும் கூடப் போக ஆரம்பித்தேன்.

போன மாதம் திருவொற்றியூரில் ஒரு வீடு. இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு ஆபரேஷன். நாங்கள் போனபோதே அவள் அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். அக்கா விளக்கமாகச் சொன்னார். அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுக் கடைசியில், "ஒரே ஒரு நாளு, எம்பொண்ணு ஆசையா துன்னுட்டுப் போவட்டுமே. இன்னா ஆயிடப் போவுது?" என்றார்.

தேவி அவர் பக்கம் திரும்பினாள். "எங்கூட்டுக்காரரு செத்துட்டாரும்மா" என்றாள். "நான் பாயாசம் ஊட்டுனேன். எல்லாரும் போட்டோம், எங்கையால கடைசி வாய் நாந்தான் ஊட்டுனேன்."

அந்த அம்மா கையில் மீனோடு அப்படியே நின்றார். பிறகு பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு, மீனைச் சட்டியோடு கொடுத்துவிட்டார்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் தேவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். டோல்கேட் தாண்டியதும் சாலையைப் பார்த்துக்கொண்டே, "பாவம், சொன்னா கேட்டுக்கிறாங்கோ, இல்லியாணா? எனக்குத்தான் யாரும் வூட்டுக்கு வந்து சொல்லல" என்றாள்.

குறை சொல்லும் குரலில் அவள் அதைச் சொல்லவில்லை. அவள் சொன்னது உண்மை. டாக்டர், டயட்டீஷியன், நான், எல்லோரும் பாஸ்கரிடமே சொன்னோம். அடுப்புக்கு முன்னால் நின்றவளிடம் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ஆகவே இந்த ஆபரேஷனைப் பற்றிக் கேட்டு என்னிடம் வருகிற யார்டுத் தம்பிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். முதல் கூட்டத்துக்குத் தனியாக வராதே, உனக்குச் சோறு போடுகிறவர்களையும் அழைத்துக்கொண்டு வா. நாற்காலி இருக்கிறது.