எவாஞ்சலினின் நாக்கு

கல்லையோ மண்ணையோ நாக்கில் வைத்துப் பார்க்காமல் எவாஞ்சலின் அதன் பெயரைப் பதிவேட்டில் எழுதுவதில்லை. நெய்வேலிச் சுரங்கத்தின் ஆய்வுக்கூடத்தில் இருபது வருடமாக இதே வேலை. துளைபோட்டு எடுத்த மண் நீள நீளத் துண்டுகளாகத் தட்டுகளில் வந்து சேரும். களிமண் நாக்கில் ஒட்டும். வண்டல் பல்லில் நறநறக்கும். லென்ஸில் பார்த்து அதிகாரிகள் சந்தேகப்பட்டதை இவர் நக்கித் தீர்த்துவைப்பார். வீட்டில் குழம்புக்கு உப்புப் பார்ப்பது மட்டும் கணவர் பெனடிக்ட். "அவளுக்கு ருசியே தெரியாதுங்க" என்பார்.

எதைக் கேட்டாலும் "பாத்துட்டுச் சொல்றேன்" என்பது எவாஞ்சலினின் வழக்கம். சாப்பிட்டீர்களா என்று கேட்டாலும் அதே பதில்தான். சொன்ன பிறகு மாற்றுவதில்லை. அதிகாரி விரும்புகிறார் என்பதற்காக வண்டல் களிமண் ஆகிவிடாது என்பது அவர் கட்சி.

தொண்ணூற்றெட்டில் ஒரு சனிக்கிழமை காலை, அவர் குவார்ட்டர்ஸ் தோட்டத்தில் வாழை வைக்கக் குழி வெட்டிய சடையப்பனின் கடப்பாரை ணங்கென்றது. உருண்டைத் தலையோடு ஒரு கருங்கல். "ஆட்டுக்கல்லு குழவிம்மா. எங்க வூட்லயும் இதே மாரி ஒண்ணு கெடக்குது" என்றார் சடையப்பன்.

"வாயக் களுவுங்கய்யா! சிவலிங்கம்லா இது" என்றாள் பக்கத்து வீட்டு இசக்கியம்மாள், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து. மண்ணைத் துடைக்குமுன் சந்தனமும் குங்குமமும் ஏறிவிட்டன. பத்து மணிக்குள் நாற்பது பேர். ஒருவர் கோயில் கட்ட இடம் கேட்டு மனு எழுதத் தாளோடு வந்திருந்தார்.

"அக்கா, கல்லுக்கு நீங்கதான சர்டிபிகேட்டு! குழவின்னா நானே தூக்கி எறிஞ்சிருதேன். சாமின்னா நீங்க வேற குவார்ட்டர்ஸ் பாத்துக்கிடணும். சாமி பக்கத்துல உக்காந்து மீன் களுவ முடியுமா?" என்றாள் இசக்கியம்மாள்.

நாற்பது தலைகளும் ஆடின. பெனடிக்ட் மனைவியின் காதருகே குனிந்தார். "குழவின்னு சொல்லிட்டு உள்ள வா. ரிட்டையர் ஆக இன்னும் ஆறு வருஷம் கெடக்குது. இந்த வூட்ட வுட்டுட்டு எங்க போறது?"

"பாத்துட்டுச் சொல்றேன்."

குழவி என்று சொன்னால் வீடு மிஞ்சும். சர்ச்சுக்குப் போகும் வேதக்காரி வேறென்ன சொல்வாள் என்ற பேச்சும் மிஞ்சும். கல்லைச் சுற்றி இன்னும் ஒரு முழம் தோண்டச் சொன்னார். தோண்டத் தோண்டக் கூட்டம் குழியை நெருங்கியது. சந்தனம் படாத இடமாகப் பார்த்து, முழங்காலிட்டுக் குனிந்து, நாக்கை வைத்தார்.

"ஐயையோ, சாமிய நக்குதாவளே!" என்று அலறினாள் இசக்கியம்மாள்.

பின்வரிசையில் முழங்கால் மட்டுமே தெரிந்தவர்கள், பக்தி என்று நினைத்துக் கைகூப்பினார்கள். எவாஞ்சலின் ஈரம் பட்ட இடத்தை லென்ஸில் பார்த்தார். முந்தானையால் கல்லின் தலையைத் துடைத்து அதையும் பார்த்தார். பிறகு குழிக்குள் கைவிட்டு, கல்லின் அடிப்பாகத்தைச் சுற்றி விரலை ஓட்டி எண்ணினார். ஒருமுறை வலமாக, மறுபடி இடமாக. பெனடிக்ட் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"குழவின்னா அரைச்சு அரைச்சு தலையில வட்ட வட்டமா கோடு வுழுந்திருக்கும். இதுல ஒண்ணுகூட இல்ல. கீழ எட்டு மூலை வர்ற மாதிரி பட்டை அடிச்சிருக்காங்க. குழவிக்கு யாருங்க பட்டை அடிப்பாங்க?"

"அப்போ?"

"லிங்கந்தாங்க."

யாரும் சூடம் கொளுத்தவில்லை. மனுக்காரர் தாளை மடித்துக்கொண்டார். ஜெயித்த இசக்கியம்மாள்தான் குழியருகே வந்து குனிந்தாள். "அக்கா… இன்னொரு தடவ நல்லாப் பாருங்களேன்."

எவாஞ்சலின் புடவையில் ஒட்டிய மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார். கல்லுக்கு நேர் மேலே கொடியில் பெனடிக்ட்டின் ஷிப்ட் பேண்ட்டும் எவாஞ்சலினின் உள்பாவாடைகளும் காய்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு கொடிக்கயிற்றின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தார்.