சாமைச் சுணையும் அண்ணன் சொன்ன சாட்சியும்

சேலத்தில் அந்தத் தனியார் மருத்துவமனை நடையில் ஒரு டியூப்லைட் விடாமல் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. என் மகளுக்கு அது கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த யாருக்கும் கேட்கவில்லை. நான் காதைப் பொத்திக்கொண்டேன். மகள் மடியில் இருந்த என் நான்கு வயதுப் பேத்தியும் பொத்திக்கொண்டாள்.

அன்று பேத்திக்குத்தான் பரிசோதனை. அவளுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. உள்ளே உளவியல் நிபுணர் என் மகளிடம் கேள்வி கேட்டார். கண்ணைப் பார்ப்பாளா, கூப்பிட்டால் திரும்புவாளா, துணி உறுத்தினால் அழுவாளா. மூலையில் இருந்த நான் ஒவ்வொன்றுக்கும் மனதுக்குள் என்னைப் பற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆட்டிசம் (பேச்சு, பார்வை, ஓசை, தொடுதல் இவற்றை மூளை வேறு விதமாக வாங்கிக்கொள்ளும் பிறவித் தன்மை) என்றார்கள். மகள் அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. படிப்பு ஒன்பதாவது வரை. பிறந்தது கல்வராயன் மலையில், வாழ்க்கைப்பட்டது வடக்கனந்தலில். கணவர் இல்லை. வீட்டில் ரவிக்கை தைக்கிறேன். அளவு ரவிக்கை கொண்டுவந்தால்தான் தைப்பேன், ஆளைத் தொட்டு அளவெடுக்க மாட்டேன். என் ரவிக்கையைத் தையல் வெளியே தெரியும்படி திருப்பிப் போட்டு, மேலே முந்தானையைச் சுற்றி மறைத்துக்கொள்வேன்.

பிறந்த ஊரில் என் பெயர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை. "ஊமச்சி" என்று என் அண்ணன் வைத்ததுதான் பெயர்.

நானும் பரிசோதனை செய்துகொள்ளப் போகிறேன் என்றேன். "தெரிஞ்சிக்கினு இன்னாம்மா பண்ணப் போற?" என்று மகள் கேட்டாள்.

"உன் மாமன்கிட்ட காட்டணும்" என்றேன்.

உங்களில் சிலர் இந்தப் பரிசோதனைக்கு நிம்மதிக்காகப் போவீர்கள். நான் பழிக்காகப் போனேன். இதை மறைத்து எழுதினால் மற்றதும் பொய்யாகிவிடும்.

முதலில் பக்கத்திலேயே ஒரு மருத்துவரிடம் போனேன். "இந்த வயசுல இன்னாம்மா ஆட்டிசம்? அது கொழந்தைங்களுக்கு" என்று தூக்க மாத்திரை எழுதினார். அதை வாங்கவில்லை. தோட்டை விற்றுவிட்டு, பேத்தியைப் பார்த்த சேலத்து நிபுணர் அம்மாவிடமே திரும்பிப் போனேன். அவர் பெரியவர்களையும் பார்க்கிறவர். மூன்று நாள், மூன்று தவணையாக என்னிடம் கேட்டார், எழுத வைத்தார், படங்களைக் காட்டினார். மருந்தால் மாற்றுகிற விஷயம் இல்லை இது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

கடைசியில், "உங்களைச் சின்ன வயசுல பாத்தவங்க ஒருத்தர் வரணும்மா" என்றார். வளர்ச்சி வரலாறு (குழந்தைப் பருவத்தில் எப்படி இருந்தோம் என்கிற விவரம்) இல்லாமல் முடிவு சொல்ல முடியாதாம். அப்பா, அம்மா போய்விட்டார்கள். மிச்சம் அண்ணன் ஒருவர்தான்.

மலைக்குப் போய்ச் சொன்னேன்.

"சீட்டு எழுதிக் குடுப்பாங்களா?" என்றார் அண்ணன்.

"குடுப்பாங்க."

"நீ இப்பிடித்தான்னு?"

"ஆமா."

அண்ணியிடம் திரும்பினார். "கேட்டுக்கினியா? இவ பைத்தியம்னு டாக்டரே சீட்டு குடுத்துட்டா இவ கையெழுத்து எதுக்கு? என்னுது ஒண்ணே போதும்."

அப்பா எங்கள் இருவர் பேரிலும் எழுதிவைத்த, சாமை விளைகிற மேட்டுக் கொல்லை ஒன்று உண்டு. அண்ணன் அதை விற்கப் பார்த்தார். நான் இரண்டு வருடமாகக் கையெழுத்துப் போடவில்லை. விளைச்சலில் என் பங்கு கேட்டால், "அதுக்குப் புத்தி சரியில்ல" என்று ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் நினைத்தது தப்பு என்று எனக்குத் தெரியும். நான் திருத்தவில்லை. ஊமச்சி எதற்குப் பேச வேண்டும்?

வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா முன்னால் காலை அகட்டி உட்கார்ந்து, கேட்டதற்கு மேலேயே சொன்னார்.

"வெளையாடக் கூப்ட்டா வராதும்மா. கடுக்காய பெருசு சிறுசுன்னு வரிசையா வெச்சிக்கினு பொழுதுக்கும் ஒக்காந்திருக்கும். நான் ஒதச்சி வுடுவன். மறுக்கா மொதல்லேர்ந்து வெக்கும்."

"துணி, தொடறது, இதுல ஏதாவது தொந்தரவு உண்டா?"

அண்ணன் சிரித்தார். "அத ஏம்மா கேக்கறீங்க. சாம அடிக்கிற அன்னிக்கு ஒரு புடி தூசிய இவ முதுவுல வுட்டா போதும். சட்டைய கீச்சிப் போட்டுட்டு களத்த சுத்திச் சுத்தி ஓடும். ஊரே சிரிக்கும்."

சாமைத் தூசில் சுணை (உடம்பில் பட்டால் அரிக்கும் மெல்லிய தூள்) உண்டு. மற்றவர்கள் சொறிந்துகொண்டே வேலை செய்வார்கள். எனக்கு அது நெருப்பு.

"எந்த வயசுல?"

"ஆறுலேர்ந்து பன்னண்டு வரிக்கும். வருசா வருசம் நான்தான் வுடுவன்."

பேனா நின்றது. "வருசா வருசமா?"

"தமாசுக்கும்மா. நல்லா எழுதிக்கோங்க."

அவர் எழுதிக்கொண்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். உங்கள்மேல் அன்பாக இருந்தவர்தான் சாட்சிக்கு வர வேண்டும் என்றில்லை. அன்பானவர்கள் மறந்துவிடுவார்கள். கேலி செய்தவருக்கு எல்லாம் நினைவிருக்கும்.

முடிவு வாங்கவும் அண்ணன் விடாமல் கூட வந்தார். தமிழிலேயே எழுதியிருந்த அறிக்கையை அந்த அம்மா வாசித்தார். ஆட்டிசம் உள்ளது. அறிவுத்திறனில் குறை இல்லை. தன் சொத்து, தன் காரியம் எதிலும் தானே முடிவெடுக்கக்கூடியவர்.

"அப்ப பைத்தியம்னு..." என்றார் அண்ணன்.

"பைத்தியம் இல்லைங்க. நீங்க சொன்னது ரொம்ப உதவியா இருந்துச்சு. சொன்னபடியே எழுதியிருக்கேன்."

மூன்றாம் பக்கத்தில் இருந்தது. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரை, ஆண்டுதோறும், இவரது முதுகில் தாமே சாமைத் தூசைக் கொட்டியதாக மூத்த சகோதரர் தெரிவித்தார்.

சின்னசேலம் வரை பஸ்ஸில் அண்ணன் வாய் திறக்கவில்லை. அன்று ஊமையாக வந்தது நான் இல்லை.

ஒரு நகலை அண்ணியிடம் கொடுத்தேன். அண்ணி எட்டாவது படித்தவர். வாசலில் ஆட்கள் இருக்கும்போது மூன்றாம் பக்கத்தைச் சத்தமாகவே வாசித்தார். பிறகு விற்பனைப் பேச்சு எழவில்லை. புத்தி சரியில்லை என்ற பேச்சும் எழவில்லை.

பழி இனிக்காது என்பார்கள். எனக்கு இனித்தது.

இந்த வருட அறுப்புக்கு நான் களத்துக்குப் போனேன். முப்பத்தாறு வருடம் கழித்து. தையல் வெளியே தெரிய ரவிக்கை போட்டிருந்தேன். முந்தானையால் மறைக்கவில்லை. "எனக்கு சுணை ஆகாது. டாக்டரம்மா எழுதியே குடுத்திருக்காங்க. என் பங்கையும் நீயே அடிச்சித் தூத்திக் குடுண்ணா" என்றேன். ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் முறத்தை எடுத்தார்.

காற்று வரும் பக்கமாகக் கல்லில் உட்கார்ந்தேன். தூசு பறந்ததும், ஒன்றும் படாமலே என் முதுகு எரிந்தது. எனக்கு ஆறு வயதும் நாற்பத்தெட்டு வயதும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன என்று அப்போது தெரிந்தது. நடுவில் வருடங்கள் போனதாக என் முதுகுக்குத் தெரியாது. ஆனால் இந்த முறை நான் ஓடவில்லை.

அண்ணன் கழுத்தைச் சொறிந்தார். பிறகு முதுகை. கை எட்டவில்லை.

காற்று ஒருமுறை திரும்பியது.

"அண்ணே" என்றேன். "கொஞ்சம் தள்ளி நின்னு தூத்து. தூசி இந்தப் பக்கம் வருது."

தள்ளி நின்றார். என் கடைசி மூட்டையை அவர் கட்டும்வரை நான் எழுந்திருக்கவில்லை.