உழாத சரிவு

சிலமலை ஊருக்கு மேற்கே, மலை இறங்கி வந்து நிற்கிற இடத்தில், ரோட்டை ஒட்டி ஒரு சரிவு உண்டு. கல்லும் நெருஞ்சியும் தவிர அதில் எதுவும் விளைந்ததில்லை. ஆனாலும் அப்பா அதைப் பெருமையாக ‘என் நெலம்’ என்றுதான் சொல்வார்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, புருஷன் வீட்டுக்கு இனிப் போவதில்லை என்று வந்து எங்களோடு இருந்தார். நான்கு பசுக்கள் வைத்து, போடி டவுன் டீக்கடைகளுக்குப் பால் ஊற்றினார். தீவனம் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. இந்த மழைக்குச் சரிவில் புல் வராவிட்டால் மாடுகளை விற்றுவிட வேண்டும் என்று அப்பா சொல்லிவிட்டார்.

“உழ வேணாம்ண்ணே. உழுதா மண்ணு பூரா ஓடிரும்” என்றார் அத்தை.

முயல் மசால் என்ற தீவனப் பயிரின் விதையை வாங்கி வந்து வெந்நீரில் முக்கினார். தோல் கெட்டியான விதை. சூடு பட்டால்தான் ஈரம் உள்ளே இறங்கும். மண்ணியல் படித்த பிறகு இதற்கெல்லாம் வரிசையாகக் காரணம் சொல்கிறேன். அன்று பள்ளிக்கூடப் பிள்ளையான நான் அம்மாவின் கட்சி.

“அப்பிடியே உப்புப் போட்டுத் தாளிச்சிரு ஆத்தா, சுண்டலாச்சும் ஆகும்” என்றார் அம்மா.

அத்தை களைக்கொத்தால் நிலத்தைக் கீறி, கீறல்களில் விதையைத் தூவினார். பிறகு மலைமாட்டுக் கிடைக்காரரை அழைத்து, மந்தையை அதன் மேலேயே ஓட்டச் சொன்னார்.

“வெதச்ச நெலத்துல மாட்டைப் பத்தச் சொன்ன மொத ஆளு நீதான் தாயி.”

“மிதிச்சு அமுக்கட்டும்ண்ணே. பொறவு நான் சொல்ற வரைக்கும் ஒரு மாடு இந்தப் பக்கம் வரப்படாது.”

அப்பாவுக்கு மானம் போனது. “ரோட்ல போறவன் பாத்தா உழுது பொழைக்கிற சம்சாரி வீட்டு நெலம்னு தெரிய வேணாமா?” என்று, ரோட்டோரப் பட்டையை மட்டும் மினி டிராக்டர் விட்டு உழுது, அதே விதையைப் போட்டார்.

ஒரே மழை. விடிந்ததும், ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போன ஜீப்பு எங்கள் வாசலில் நின்றது. “அண்ணே, ஒங்க காடு ரோட்டுல கெடக்கு. வெரசா வந்து அள்ளுங்க!” டிரைவர் சொன்னது பொய்யில்லை. உழுத பட்டை சேறாக ரோட்டை மூடியிருந்தது. மேலே அத்தை கீறிய இடத்தில் பொட்டு மண் நகரவில்லை.

தை பிறந்தபோது அந்தச் சரிவு முழங்கால் உயரத்துக்குப் பச்சையாக நின்றது. மாடு விற்கும் பேச்சு அதன்பின் எழவில்லை. முதல் அறுப்பன்று அதே டிரைவர் ஜீப்பை நிறுத்தி, “யாரு நெலம்ணே, இம்புட்டுச் செழிப்பா?” என்றார், வம்புக்கு.

“என் தங்கச்சி நெலம்” என்றார் அப்பா.

“இல்லப்பா, ஒங்க நெலம்” என்றேன் நான்.

அத்தை, கட்டி முடித்திருந்த புல்லுக்கட்டை அவிழ்த்து, குனிந்தபடி மறுபடி கட்டினார். அப்பாவின் தவறைத் திருத்திவிட்ட திருப்தியில், நான் ஒரு சின்னக் கட்டைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தேன்.