காட்டுளுந்தைப் பார்க்கப் போன இடம்

கடலூர் முதுநகரைத் தாண்டி, சிதம்பரம் போகும் சாலையோர வேலியில் காட்டுளுந்து இருப்பதாகத் தகவல். சோயாவுக்குத் தூரத்துச் சொந்தமான கொடி. தனியாக நிற்காது, காரைச்செடியையும் கோவைக்கொடியையும் பற்றிக்கொண்டுதான் வாழும். அந்த வேலியை அப்படியே விட்டுவைக்கும்படி கேட்கத்தான் வந்திருக்கிறேன். நேற்றே எங்கள் தாவர ஆய்வு அலுவலகத்திலிருந்து ஊராட்சிக்குப் போன் செய்து இடத்தையும் சொல்லியிருந்தேன்.

இறங்கிப் பார்க்கிறேன், வேலியே இல்லை. மொட்டைத் தரையில் பிளீச்சிங் பவுடர் தூவியிருக்கிறார்கள். வெட்டும் வேலையை முடித்துவிட்டு அரிவாளோடு நிற்கும் செல்வி என்ற பெண் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

"ஆபீசர் வராங்கன்னு சொன்னாங்க மேடம். முள்ளு ஜாஸ்தி. காலைலேர்ந்து வெட்டி சுத்தம் பண்ணிட்டோம்."

"அதுல இருந்த கொடியப் பாக்கத்தாங்க வந்தேன்."

அவர் சிரிப்பு நின்றுபோகிறது. கொளுத்துவதற்காகக் குவித்திருந்த குப்பையை இருவருமாகக் கிளறுகிறோம். முள் கையைக் கீறுகிறது. கடைசியில் ஒரு கொடியில் முற்றிய நெற்றுகள் சில அகப்படுகின்றன. விதைகளைக் கைக்குட்டையில் முடிந்துகொள்கிறேன். விதை கிடைத்துவிட்டது, அது ஏறிப் படர வேலிதான் இல்லை.

"அந்தாண்ட ஏரிக்கரைலயும் இந்தக் கொடி கெடக்குது மேடம்," என்கிறார் செல்வி. "வாங்க, காட்டறேன். ஆனா யாருக்கும் போன் மட்டும் பண்ணிடாதீங்க."